கரென்ட்டுக்குள் ஒரு ரென்ட்: வங்கிப் பதிவுகளை மென்பொருளே தலைப்பு பிரிக்க வைப்பது எப்படி

என் அக்கா வீட்டுக்காரர் திண்டுக்கல்லில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைக் கணக்கைப் பார்ப்பது நான். ஒரு மார்ச் மாதக் கடைசியில் செலவுகளை மாதவாரியாக எடுத்துப் பார்த்தேன். கடை வாடகை ஒரு மாதம் 14,000 ரூபாய், அடுத்த மாதம் 18,000 சொச்சம், அதற்கடுத்த மாதம் மறுபடியும் 14,000 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஓனர் வாடகையை ஏத்திட்டாரா மாமா?"

"இல்லையே மாப்ள, மூணு வருசமா அதே பதினாலுதான்."

தப்பு என்னுடையது. 'வங்கிப் பதிவின் விவரத்தில் ரென்ட் என்ற எழுத்துகள் இருந்தால் வாடகையில் போடு' என்று மென்பொருளுக்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். கடையின் மின் இணைப்பு ஓனர் பெயரில் இருக்கிறது. ஈபி பில் வந்ததும் மாமா அந்தத் தொகையை ஓனருக்கே ஜிபேயில் அனுப்பிவிட்டு, குறிப்பில் ஆங்கிலத்தில் 'கரென்ட் பில்' என்று அடித்துவிடுவார். கரென்ட்டுக்குள் ரென்ட் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும்; ஆகவே வாடகையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடியது. வருடம் முழுக்க மின்கட்டணம் என்ற தலைப்பு காலியாகக் கிடந்ததை நான் கவனிக்கவே இல்லை.

கையால் எழுதும் கணக்குப்பிள்ளை தப்பு செய்தால் ஒரு தடவை செய்வார். விதி தப்பாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதே தப்பு நடக்கும், சத்தமில்லாமல். அதனால் இந்த வேலையை எப்படித் தொடங்குவது என்பதோடு, எங்கே மென்பொருளின் கையைக் கட்டிப்போடுவது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். சின்னக் கடை, தனியாள் தொழில், வீட்டிலிருந்தே ஆர்டர் எடுப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

மென்பொருள் என்ன செய்யப் போகிறது?

இரட்டைப் பதிவு முறையில் எந்த நடவடிக்கைக்கும் இரண்டு பக்கம் உண்டு. வங்கி அறிக்கையை மென்பொருளுக்குள் கொண்டுவந்தால் ஒரு பக்கம் தானாகவே தெரிந்துவிடும்: வங்கியிலிருந்து 14,000 போயிருக்கிறது. மற்ற பக்கம் வாடகையா, கொள்முதலா, மாமா வீட்டுக்கு எடுத்த பணமா? அதைச் சொல்வதுதான் தலைப்பு பிரிப்பது.

இதைத் தானாகச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நீங்களே விதி எழுதுவது. ஜோஹோ புக்ஸ் போன்றவற்றில் வங்கிப் பகுதிக்குள் இதற்கென்று இடம் இருக்கிறது. இன்னொன்று, நீங்கள் முன்பு செய்ததைப் பார்த்து மென்பொருளே கற்றுக்கொள்வது. இலவசமாகக் கிடைக்கும் குனுகேஷ் இந்த வகை. பட்டன்களின் பெயர் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும், அதனால் பட்டன் பெயர்களுக்குள் நான் போகவில்லை. வேலையின் வரிசை எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

முதலில் தலைப்புகள்

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் டீக்கு ஒன்று, வடைக்கு ஒன்று என்று அறுபது தலைப்பு போட்டுவிடுவார்கள். அத்தனைக்கும் விதி எழுதி முடிப்பதற்குள் ஆர்வமே போய்விடும். சின்னக் கடைக்கு இருபது போதும்: விற்பனை, கொள்முதல், வாடகை, சம்பளம், மின்கட்டணம், வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும், போன்-இணையம், பெட்ரோல், வங்கிக் கட்டணம், கடன், கடன் வட்டி, கட்டிய ஜிஎஸ்டி, ரொக்கம் என்று போகும். சரக்கு கொடுப்பவர்களுக்கும் கடன் சொல்லி வாங்கும் வாடிக்கையாளர்களுக்கும் தனித்தனிப் பேரேடு (அவரவர் பெயரில் ஒரு கணக்குப் பக்கம்) வேண்டும். அது இந்த இருபதில் சேராது.

மூன்று தலைப்புகளை மட்டும் மறக்காதீர்கள். முதலாவது எடுப்பு, அதாவது கடைப் பணத்திலிருந்து வீட்டுக்கு எடுத்தது. இரண்டாவது, உங்கள் ஒரு கணக்கிலிருந்து உங்களின் இன்னொரு கணக்குக்குப் போன பணத்துக்கான இடமாற்றம். மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குப் பழக்கமான அனாமத்துக் கணக்கு. என்னவென்று தெரியாதது எல்லாம் முதலில் அங்கே போகட்டும். அனாமத்தில் கிடக்கும் பதிவு, 'என்னைப் பார்' என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தப்பான தலைப்பில் விழுந்த பதிவு சரியான பதிவைப் போலவே இருக்கும். என் வாடகைக் கதையில் நடந்தது அதுதான்.

வங்கி அறிக்கையை இறக்குவது

பிடிஎஃப் வேண்டாம். நெட் பேங்கிங்கில் சிஎஸ்வி அல்லது எக்செல் கோப்பாக இறக்குங்கள். ஓஎஃப்எக்ஸ் வடிவம் கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் ஒரே பதிவு இரண்டு முறை ஏறுவது குறையும். சிஎஸ்வியில் அந்த எண் இல்லை. ஒன்றாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை, ஒரு நாள்கூட மேலே கீழே போகாமல், மாதம் ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இந்த இடத்தில் அதிகம் கெடுப்பது எக்செல். கோப்பைச் சும்மா திறந்து பார்த்துவிட்டு அப்படியே சேமித்தால் மூன்று சேதம் நடக்கும். கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் ஏப்ரல் 3 என்பது மார்ச் 4 ஆகிவிடும். 13-ஆம் தேதி முதல் உள்ளவை தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாக நிற்கும், அதை வைத்துத்தான் நான் கண்டுபிடிப்பேன்: பாதி தேதிகள் கட்டத்தின் வலது ஓரத்திலும் பாதி இடது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஏதோ தப்பு. இரண்டாவது சேதம், யூபிஐயின் 12 இலக்க எண்ணை 4.12 என்று சுருக்கி, பக்கத்தில் ஒரு ஈ எழுத்தும் 11-உம் போட்டு வைத்துவிடும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மிச்ச இலக்கங்கள் போயே போச்சு. மூன்றாவது, எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும். 16 இலக்கம் இருந்தால் கடைசி இலக்கம் சைபர் ஆகும். ஆகவே இறக்கிய மூலக் கோப்பை ஒரு ஃபோல்டரில் தொடாமல் வைத்துவிட்டு, நகல் எடுத்து அதில் வேலை பாருங்கள்.

மேலே இருக்கும் முகவரி, கிளை, கணக்கு எண் வரிகளை நகலில் நீக்குங்கள். 1,25,000.00 என்று காற்புள்ளியோடு வரும் தொகையைச் சில மென்பொருள்கள் படிக்காது, காற்புள்ளியை எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரே ஒரு கூட்டல்: ஆரம்ப இருப்போடு வந்ததைக் கூட்டி, போனதைக் கழித்தால் கடைசி இருப்பு வர வேண்டும். வராவிட்டால் மேலே போகாதீர்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இன்னொன்று உண்டு. வங்கி அறிக்கையில் 'கிரெடிட்' என்றால் உங்களுக்கு வந்த பணம். உங்கள் பேரேட்டில் அதே பணம் வங்கிக் கணக்கின் பற்று (டெபிட்) பக்கத்தில் ஏறும். வங்கி தன் கண்ணால் பார்த்து எழுதுகிறது, நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்து எழுதுகிறீர்கள். இறக்குமதி செய்யும்போது எந்தப் பத்தி வந்தது, எந்தப் பத்தி போனது என்று மென்பொருள் கேட்கும். அங்கே மாற்றிச் சொல்லிவிட்டால் விற்பனை எல்லாம் செலவாகிவிடும்.

விவர வரியைப் படிப்பது

உண்மையான வேலை இங்கேதான். மூன்று மாத அறிக்கையை எடுத்து, ஒரு டீ குடித்துக்கொண்டே, விவரப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழ்வரை படியுங்கள். விதி எதையும் எழுத வேண்டாம், சும்மா படியுங்கள்.

யூபிஐ பதிவு ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும் (திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தில்): யூபிஐ, சாய்கோடு, டிஆர் (போனது) அல்லது சிஆர் (வந்தது), சாய்கோடு, 12 இலக்க எண், சாய்கோடு, எதிராளியின் (பணம் வாங்கியவர் அல்லது அனுப்பியவர்) பெயர், அவர் வங்கியின் சுருக்கம், அவருடைய யூபிஐ முகவரி, கடைசியில் அனுப்பியவர் அடித்த குறிப்பு. வங்கிக்கு வங்கி வரிசை மாறும். சாய்கோட்டுக்குப் பதில் சிறு கோடு போடுகிற வங்கிகளும் உண்டு.

இதில் எது நிலையானது, எது மாறுவது? 12 இலக்க எண் ஒவ்வொரு முறையும் புதிது, விதிக்கு உதவாது. பெயர் பாதியில் வெட்டப்பட்டு வரும். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். எங்கள் பக்கம் முருகன், செல்வம் என்று தேடினால் பாதி ஊர் வரும். குறிப்பு என்பது மனிதர் அடிப்பது, அன்றைய மனநிலையைப் பொறுத்தது. யூபிஐ முகவரிதான் பெரும்பாலும் மாறாமல் இருப்பது. எனவே விதிக்குப் பிடி அதுதான். அதுவும் சில அறிக்கைகளில் வெட்டப்பட்டுத்தான் வரும். வெட்டிய துண்டே மற்றவர்களோடு ஒத்துப்போகாத அளவு நீளமாக இருந்தால் போதும்.

நெஃப்ட் என்று தொடங்கினால் அனுப்பியவர் பெயரும் 16 எழுத்து அடையாள எண்ணும் இருக்கும். ஆர்டிஜிஎஸ் என்றால் அந்த எண் 22 எழுத்து. கடன் தவணை பிடித்தால் ஏசிஎச் அல்லது நாச் (வங்கி தானாகப் பிடிக்கும் முறையின் பெயர்) என்ற சொல் வரும். ஏடிஎம்மில் எடுத்தது தனியாகத் தெரியும். அது செலவு இல்லை என்பதைக் கவனியுங்கள், பணம் வங்கியிலிருந்து கல்லாவுக்குப் போயிருக்கிறது. ரொக்கத் தலைப்பில் போட்டுவிட்டு, ரொக்கம் எப்படிச் செலவானது என்பதைச் சிட்டையில் எழுத வேண்டும். யூபிஐ லைட் பயன்படுத்தினாலும் இதே கதைதான். லைட்டுக்குப் பணம் ஏற்றியது மட்டும்தான் வங்கி அறிக்கையில் தெரியும். அதிலிருந்து வாங்கிய பத்து டீயும் இரண்டு ஃபோட்டோ காப்பியும் தெரியாது.

படித்து முடித்ததும், எந்த எதிராளி எத்தனை முறை வந்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எக்செல் தெரிந்தவர்கள் பிவட் (தானாகத் தொகுத்து எண்ணும் அட்டவணை) போடலாம். மாமா கடையில் பார்த்தபோது பத்துப் பன்னிரண்டு பேரே திரும்பத் திரும்ப வந்தார்கள்: சரக்கு கொடுப்பவர்கள் நால்வர், லோடு ஆட்டோக்காரர், ஓனர், வேலை பார்க்கும் இரண்டு பையன்கள், பெட்ரோல் பங்க், போன் கம்பெனி. இவர்களுக்கு விதி எழுதினால் போதும். வருடத்துக்கு ஒருமுறை தலை காட்டுகிறவருக்கு விதி எழுதுவது வீண்வேலை.

விதி எழுதுவது

நல்ல விதிக்கு மூன்று பூட்டு. எதிராளி யார் என்பது ஒன்று, பணம் போனதா வந்ததா என்பது இரண்டு, தொகை மூன்று. மூன்றாவது எல்லா நேரமும் வேண்டாம், முதல் இரண்டும் கட்டாயம். திசையைச் சொல்லாமல் எழுதினால், பெயின்ட் கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பிய பணமும் கொள்முதலுக்கான பணம்போலவே பதிவாகும்.

ஓனர் விஷயத்தை நான் இப்படி மாற்றினேன். முதல் விதி: ஓனரின் யூபிஐ முகவரி, பணம் போனது, தொகை சரியாக 14,000 என்றால் வாடகை. இரண்டாவது: அதே முகவரி, பணம் போனது, குறிப்பில் 'கரென்ட்' இருந்தால் மின்கட்டணம். மூன்றாவது: அதே முகவரி, வேறு எதுவாக இருந்தாலும் அனாமத்து. பெரும்பாலான மென்பொருள்கள் விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நிறுத்திவிடும். அதனால் குறுகலான விதி மேலே, அகலமானது கீழே. வரிசையை மாற்றி மூன்றாவது விதியை மேலே வைத்தால் எல்லாமே அனாமத்துக்குப் போகும்.

ஓனர் வாடகையை 15,000 ஆக்கினால் முதல் விதி பொருந்தாது, பதிவு அனாமத்தில் விழும். அது குறை இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். வாடகை கூடிய சேதி கணக்குப் பார்ப்பவனுக்குத் தெரிய வேண்டாமா?

சொல்லை வைத்துத் தேடும் விதிகளில் சின்னச் சொற்கள் ஆபத்து. ஆங்கில எழுத்து நான்குக்குக் குறைவாக இருந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன். விதியைச் சேமிக்கும் முன் பழைய மூன்று மாத அறிக்கையில் அதே சொல்லை எக்செல்லில் தேடிப் பாருங்கள். எத்தனை வரி சிக்குகிறது, அதில் வேண்டாதது எத்தனை என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் கரென்ட் கதையே இல்லை.

இன்னொன்று, தொடக்கத்தில் எந்த விதியையும் தானாகப் பதிவு செய்ய விடாதீர்கள். 'இது வாடகையாக இருக்கலாம்' என்று பரிந்துரைத்துவிட்டு உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் நிலையில் வையுங்கள். மூன்று மாதம் ஒரு தடவைகூடத் திருத்த வேண்டியிராத விதிக்கு மட்டும் முழுச் சுதந்திரம் கொடுக்கலாம்.

விதியிடம் விடக்கூடாதவை

சரக்கு கொடுப்பவருக்குப் போன பணத்தைக் 'கொள்முதல்' என்று பிரிக்க விதி எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தப்பு. 40,000 ரூபாய் பில் வந்த அன்றே அதைக் கொள்முதலாக ஏற்றியிருப்பீர்கள். பத்து நாள் கழித்துப் பணம் அனுப்பும்போது விதி இன்னொரு 40,000 கொள்முதலைப் போடும். கொள்முதல் இரட்டிப்பாகி, லாபம் பாதாளத்துக்குப் போகும். பில் ஏற்றும் பழக்கம் உள்ள கடையில் விதி அந்தப் பணத்தை அவருடைய பேரேட்டில்தான் வைக்க வேண்டும். அப்புறம் நீங்கள் அதை அந்த பில்லோடு பொருத்த வேண்டும். கடன் சொல்லி வாங்கிய வாடிக்கையாளர் கொடுக்கும் பணமும் அப்படித்தான். மென்பொருளில் 'தலைப்பு பிரி' என்றும் 'பொருத்து' என்றும் இரண்டு வழி இருந்தால், பில் உள்ளதற்கெல்லாம் இரண்டாவது.

கார்டு மெஷின் பணம் கழித்துத்தான் வரும். 10,000 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டு தேய்த்தார்கள், கட்டணம் 1.8 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 ரூபாய் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 32.40, ஆக வங்கிக்கு வருவது 9,787.60. விதி இதை விற்பனை என்று போட்டால் விற்பனை 212.40 குறையும், கட்டணச் செலவு கணக்கில் ஏறவே ஏறாது. யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து இந்தக் கட்டணம் இல்லை. ஆனால் க்யூஆர் ஒட்டிய நிறுவனம் ஸ்பீக்கர் பெட்டி வாடகையை அன்றைய வரவிலிருந்தே பிடித்துக்கொள்வதுண்டு. இதற்குத் தனியாக ஓர் இடைக்கணக்கு திறந்துவிடுங்கள். விற்பனை முழுத்தொகை அதில் ஏறட்டும், வங்கிக்கு வந்தது அதிலிருந்து இறங்கட்டும். மிச்சமாக நிற்பது கட்டணம். மாதம் ஒருமுறை அதைத் துடைத்துச் செலவில் எழுதினால் போதும்.

கடன் தவணைக்கும் நேரடி விதி கிடையாது. 5 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 36 மாதம் என்றால் தவணை சுமார் 16,607. முதல் மாதம் அதில் 5,000 வட்டி, 11,607 அசல். இரண்டாம் மாதம் வட்டி 4,884 ஆகிவிடும். தவணைத் தொகை மாறவில்லை, உள்ளே பங்கு மாறிக்கொண்டே இருக்கிறது. முழுத் தவணையையும் செலவில் போட்டால் தப்பு. பாதிக்குப் பாதி என்று விதி எழுதுவதும் தப்பு. நான் முழுத் தவணையையும் கடன் கணக்கில் போட விதி எழுதிவிட்டு, கடன் கொடுத்தவர்கள் தரும் அட்டவணையைப் பார்த்து மாதம் ஒரு குறிப்பேட்டுப் பதிவில் (ஜர்னல்) வட்டியைத் தனியாக எழுதிவிடுவேன்.

ஜிஎஸ்டி உள்வரியை, அதாவது வாங்கியபோது கொடுத்த வரியைத் திரும்பக் கழித்துக்கொள்வதை, விதி எடுக்க விடவே கூடாது. வங்கி எஸ்எம்எஸ் கட்டணம் 17.70 பிடித்தால் அதில் 15 கட்டணம், 2.70 வரி என்பது சரிதான். ஆனால் அந்த வரியைத் திரும்ப எடுக்க உங்கள் ஜிஎஸ்டி எண்ணுக்கு வந்த பில் வேண்டும், அது ஜிஎஸ்டி தளத்தில் வரும் உள்வரிப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பியில் தெரிய வேண்டும். பெட்ரோல், டீசலுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. விதியில் கைதவறி 18 சதவீதம் என்று போட்டு வைத்தால் இல்லாத வரியைத் திரும்பக் கேட்டதாகிவிடும். விதி செலவை மட்டும் பிரிக்கட்டும், வரியை நீங்கள் பாருங்கள்.

அப்புறம் நம் ஊர்ப் பணம். மாமாவுக்கு அவர் நண்பர் 50,000 அனுப்பினார், நாலு நாளில் மாமா திருப்பி அனுப்பினார். அது கைமாற்று, விற்பனை இல்லை. 'வந்த பணம் எல்லாம் விற்பனை' என்று அகலமான விதி இருந்தால் அந்த 50,000-க்கும் வருமான வரிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சீட்டுப் பணம், மகள் பள்ளிக் கட்டணம், அம்மாவுக்கு மருந்து எல்லாம் அதே கடைக் கணக்கிலிருந்துதான் போகும். போன தொகை 501, 1,001, 2,001 என்று ஒன்றில் முடிந்தால் அநேகமாக மொய். நான் இதற்கு விளையாட்டாக ஒரு விதி எழுதினேன், 'எடுப்பாக இருக்கலாம்' என்று பரிந்துரைக்க மட்டும். முகூர்த்த மாதங்களில் நன்றாகவே வேலை செய்கிறது.

சொந்தக் கணக்குகளுக்கு இடையே போகும் பணம் இரண்டு அறிக்கையிலும் வரும். ஒன்றில் செலவு, இன்னொன்றில் வருமானம் என்று பிரித்தால் இரண்டும் தப்பு. கிரெடிட் கார்டு பில் கட்டியதும் இந்த வகைதான். கார்டில் வாங்கிய அன்றே செலவு ஏறிவிட்டது.

கற்றுக்கொள்ளும் மென்பொருள்

குனுகேஷில் விதி எழுதும் வேலை இல்லை. முதல் மாதம் எல்லாவற்றையும் நீங்களே பிரிக்கிறீர்கள். அது ஒவ்வொரு விவர வரியையும் சொற்களாக உடைத்து, எந்தச் சொல் எந்தத் தலைப்போடு எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால் பதிவு எந்தக் கிழமை என்பதையும் ஒரு சொல்லாகவே சேர்த்துக்கொள்ளும். சனிக்கிழமை கூலி கொடுக்கிற ஊரில் அது உதவும்தானே! அடுத்த மாதம் அறிக்கையை ஏற்றும்போது பச்சை நிறத்தில் வரும் வரிகளுக்கு அது தலைப்பு கண்டுபிடித்துவிட்டது, மஞ்சளுக்கு நீங்கள் சொல்ல வேண்டும், சிவப்பு ஏறாது. மாதம் போகப் போக மஞ்சள் குறையும்.

பச்சையாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள். அது ஊகம். முதல் மாதம் அவசரத்தில் நீங்கள் தப்பாகப் பிரித்ததையும் அது பாடமாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கும். கருவிகள் மெனுவில் இறக்குமதிப் பாடங்களைத் திருத்தும் ஒரு சன்னல் இருக்கிறது. தப்பாகக் கற்ற சொல்லை அங்கே போய் அழிக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுத் தளங்களில் அறிக்கையை ஏற்றி 'பிரித்துக் கொடு' என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. கேட்கலாம், ஆனால் அந்த அறிக்கையில் உங்கள் கணக்கு எண் மட்டுமல்ல, வாடிக்கையாளர்களின் போன் எண்களும் யூபிஐ முகவரியாக வரிசையாக இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள்.

மாதக் கடைசி அரை மணி நேரம்

வங்கி இருப்பும் மென்பொருள் இருப்பும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒத்துப்போனால் பதிவு எதுவும் விடுபடவில்லை, இரட்டிக்கவில்லை என்று தைரியமாக இருக்கலாம். தலைப்பு சரி என்று அதற்கு அர்த்தமில்லை. என் வாடகைக் கணக்கு தப்பாக இருந்த அந்த வருடம் முழுக்க வங்கி இருப்பு பைசா சுத்தமாக ஒத்துப்போனது.

தலைப்பைச் சோதிக்க, மாதங்களைப் பக்கம் பக்கமாக வைத்து ஒவ்வொரு தலைப்பின் தொகையையும் குறுக்கே படியுங்கள். வாடகை போன்றவை நேர்க்கோடாகப் போக வேண்டும். மின்கட்டணம் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் இருக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் தலைப்பைச் சந்தேகப்படுங்கள். ஏறி இறங்குவதைவிட அதுதான் கண்ணுக்குத் தப்பும். அப்புறம் அனாமத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தீர்த்துவிடுங்கள். மாமாவிடம் மாதம் முடிந்ததும் கேட்டால் நினைவிருக்கும். மார்ச்சில் கேட்டால் "எதுக்குனு தெரியல மாப்ள, நீயே எதிலயாவது போடு" என்பார். தீர்ந்ததும் அந்த மாதத்தைப் பூட்டிவிடுங்கள், பிறகு எழுதும் புது விதி பழைய பதிவுகளைத் தொடாதபடி.

விதிகளை மென்பொருளுக்குள் மட்டும் வைத்திருக்க வேண்டாம். 2023-இல் குவிக்புக்ஸ் இந்தியாவில் சேவையை நிறுத்திக்கொண்டபோது, பல வருடமாகச் சேர்த்த விதிகளை வேறு இடத்தில் முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று. ஒரு எக்செல் தாளில் சொல், திசை, தொகை, தலைப்பு, எழுதிய தேதி, ஏன் எழுதினேன் என்று ஆறு பத்தி போதும். அந்தக் கடைசிப் பத்தியை நான் முதலில் வைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து என் விதியே எனக்குப் புரியாமல் போன பிறகுதான் வைத்தேன்.

குறிப்பு எழுதும் பழக்கத்தையும் கொஞ்சம் ஒழுங்கு பண்ணலாம். பணம் அனுப்புகிறவர்களிடம் ஐந்தாறு சொற்களை மட்டும் கொடுத்து, அவற்றையே அடிக்கச் சொல்லுங்கள். மாமாவிடம் 'கரென்ட் பில்' வேண்டாம், 'ஈபி' என்று அடியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஓனரின் முகவரியைச் சேர்க்காமல் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவசரமாக ஒரு விதி எழுதிவிட்டேன். மறுமாதம் வங்கிக் கட்டணங்கள் எல்லாம் மின்கட்டணத்தில் வந்து நின்றன. 'டெபிட்' என்பதை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: டி, அதன் பக்கத்தில் ஈ, பி.